கச்சேரி உத்தியோகத்தரின் மகன் மீன் பிடிக்கப் போகிறான்

என் மனைவியின் அண்ணன் என் அப்பாவின் மரண அறிவித்தலில் பொய் எழுதினார்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அப்படி எழுதவும் தெரியாது. அப்பா மன்னாரில் இறந்தபோது நான் ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் இருந்தேன். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் உடனே அறிவித்தல் அடிக்க வேண்டும். மேலே படம், கீழே பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், அடைப்புக்குறிக்குள் பார்த்த உத்தியோகம், பிறகு இன்னாரின் மாமனார், இன்னாரின் மைத்துனர் என்று அது வாலாக நீளும். நான் ஒரு மூலையில் இருந்து அழுதுகொண்டிருந்தேன். அந்த வேலையை அண்ணை எடுத்துக்கொண்டார். என் மனைவி அவரை அண்ணை என்பாள், நானும் அப்படியே கூப்பிடுவேன். மறுநாள் தமிழ்க் கடைக் கண்ணாடியில் அப்பாவின் படம் ஒட்டியிருந்தது. அடைப்புக்குறிக்குள் இப்படி இருந்தது: இளைப்பாறிய உத்தியோகத்தர், மன்னார் கச்சேரி.

கச்சேரி என்றால் மாவட்டத்தை நிர்வகிக்கும் அரசாங்க அதிபரின் அலுவலகம். நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கத்தான் அப்பா அங்கே போயிருக்கிறார். அவர் மீனவர். சொந்த வள்ளம்கூட இல்லை. வேறொருவரின் வள்ளத்தில் பங்குக்குப் போய் வலை இழுத்தவர்.

நான் கடை வாசலிலேயே அந்தத் தாளைக் கிழிக்கப் பார்த்தேன். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். செத்த வீட்டில் சண்டை வேண்டாம் என்றாள். அப்போது எங்கள் மகள் சின்னப் பிள்ளை. அவள் கச்சேரி உத்தியோகத்தரின் பேத்தியாகவே வளர்ந்தாள். அப்பப்பா ஒரு பெயாம்ட்டர் என்று ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொன்னாள். அரச உத்தியோகத்தருக்கு இந்த நாட்டில் இருக்கும் மதிப்பு தெரியும்தானே. ஆசிரியை பாராட்டினாளாம்.

ஏன் அண்ணை அப்படி எழுதினார்? எல்லாருக்கும் தெரிந்த காரணம்தான். அவர்கள் யாழ்ப்பாணத்தில் காணி பூமி உள்ள குடும்பம். நாங்கள் கரையில் இருந்த சனம். இரண்டு பகுதியும் கத்தோலிக்கர். ஒரே பூசைக்குப் போய் ஒரே நற்கருணையை நாக்கில் வாங்குகிறோம். கோயில் வாசலுக்கு வெளியே வந்தால் நீங்கள் எந்த ஆக்கள் என்ற கேள்வி வந்துவிடும். என் மனைவி பிடிவாதம் பிடித்து என்னைக் கட்டினாள். அண்ணை சம்மதித்தார், ஆனால் தகப்பனின் தொழிலைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்றார். அவர் வீட்டில் மீன் குழம்பு வைக்கும் நாளெல்லாம் எனக்கு ஒரு குத்தல் கிடைக்கும். முள்ளுப் பார்த்துச் சாப்பிடச் சொல்லி உமக்குச் சொல்லத் தேவையில்லை என்பார். எல்லாரும் தட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் போன வருடம் மீன் பிடிக்கும் ஆசை வந்தது.

அவரோடு வியாபாரம் செய்யும் ஒரு ஜெர்மன்காரர் மெக்சிகோவில் விடுமுறைக்குப் போய் ஒரு பெரிய மயில்மீனைப் பிடித்து நிற்கும் படத்தை அனுப்பியிருக்கிறார். முதுகுச் செட்டை மயில் தோகை மாதிரி விரிந்து நிற்கும் மீன். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அண்ணைக்கு நித்திரை இல்லை. தன் அறுபதாவது பிறந்தநாளுக்குப் பரிசாக அவரே அந்தப் பயணத்தைத் தனக்குக் கொடுக்க முடிவு செய்தார். வருகிற மாசியில் இரண்டு கிழமை, பசிபிக் கடற்கரையில் ஒரு பெரிய விடுதி. போய் இறங்கியதும் கையில் ஒரு பட்டி கட்டிவிடுவார்களாம். அதைக் காட்டினால் சாப்பாடு, குடி எல்லாம் கிடைக்கும். வீட்டுக்குத் திரும்பும் வரை கழற்ற ஏலாதாம். இதை அவர் சந்தோசமாகச் சொன்னார். எனக்குக் கேட்கும்போதே மணிக்கட்டு கடித்தது.

தமிழ்ப் பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு ஹோலில் திட்டம் நடந்தது. போவது மூன்று பேர் என்று அண்ணையே முடிவு செய்திருந்தார்: அவர், அவருடைய நண்பரான பல் டொக்டர், நான். பெரிய தொலைக்காட்சியில் வள்ளங்களைக் காட்டினார். பின்பக்கத்தில் தரையோடு பூட்டிய ஒரு கதிரை. அதில் ஆளை இருத்தி, இடுப்பிலும் தோளிலும் பட்டி போட்டு இறுக்குவார்கள். மீன் இழுக்க இழுக்க அவர் அதில் இருந்தபடி தூண்டிலைச் சுற்றுவார். அண்ணை கதிரையில் இருப்பார், டொக்டர் படம் எடுப்பார். நான் என்ன செய்வது என்று கேட்டேன்.

இரை கொழுவ வேண்டும். மீன் கிட்ட வந்ததும் ஈட்டி மாதிரி நீண்ட அதன் மூக்கைப் பிடித்துத் தூக்க வேண்டும். படத்துக்கு.

"உமக்குக் கை கூசாதுதானே," என்றார். "உங்கடை ஆக்களுக்கு இது ரத்தத்திலை இருக்கு."

அப்பாவின் பெயரைச் சொல்லக் கூடாது, ஆனால் அப்பாவின் ரத்தம் வேண்டும்.

நான் உண்மையைச் சொன்னேன். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. அப்பா என்னை வள்ளத்தில் ஏற்றியதே இல்லை. இந்தத் தொழில் என்னோடு முடியட்டும் என்று சாமிமாரின் விடுதிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். தூண்டிலை நான் கையால் தொட்டதில்லை. கடல் எனக்கு ஒத்துவராது. கோயிலால் ரைன் நதியில் கப்பல் சுற்றுலா போனபோது நான் கழிப்பறையை விட்டு வெளியே வராததை இவர்கள் இரண்டு பேரும் கண்ணால் கண்டவர்கள்.

"பகிடி விடாதையும்," என்றார் அண்ணை.

டொக்டர் என் தோளில் தட்டினார். தன்னடக்கமாம்.

வரவில்லை என்று வீட்டில் சொன்னேன். மனைவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா அண்ணையின் வீட்டில் இருக்கிறார். படுத்த படுக்கை. அண்ணையோடு நான் கோபித்தால் அந்தக் கதவு அவளுக்குத்தான் மூடும். முன்பும் ஒருமுறை மூடியிருக்கிறது, தாயைப் பார்க்க முடியாமல் அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். "ஒருக்காப் போட்டு வாங்கோவன்," என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததை ஓம் என்று எடுத்துக்கொண்டு என் கடவுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள்.

வேலையைக் காட்டித் தப்பலாம் என்று நினைத்தேன். நான் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அடுத்த வருட விடுமுறைக்கு இலையுதிர் காலத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்குள் சுவருக்கு நிறம் அடிக்கலாம் என்று மாசியில் இரண்டு கிழமை கேட்டிருந்தேன். அண்ணை அதை என் மனைவியிடம் விசாரித்துவிட்டுத்தான் நாளைக் குறித்திருக்கிறார். மாற்றித் தரச் சொல்லி மேற்பார்வையாளரிடம் போனேன். மற்றக் கிழமைகளை எல்லாரும் பிடித்துவிட்டார்கள், உனக்கு மெக்சிகோ கசக்கிறதா என்று கேட்டார்.

என்னோடு நிற்கும் ஜெர்மன்காரன் ஒருவன் ஏரியில் தூண்டில் போடுகிறவன். இங்கே அதற்கும் பரீட்சை எழுதி அனுமதி எடுக்க வேண்டும். மயில்மீனைப் பிடித்து, படம் எடுத்து, திரும்பக் கடலில் விட்டுவிடுவார்களாம் என்று அவனிடம் சொன்னேன். அவன் முகத்தைச் சுழித்தான். சாப்பிடும் எண்ணமில்லாமல் மீனைக் கொழுவி இழுப்பது இங்கே சட்டப்படியே பிழை என்றான். அப்படியென்றால் எதற்குப் பிடிக்கிறார்கள் என்று கேட்டான். நான் என்ன சொல்வது? அப்பா ஒரு மீனைத் திரும்ப விட்டால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது.

கார்த்திகையில் அண்ணையின் பிறந்தநாள் கொண்டாட்டம். மண்டபம் நிறைய ஆட்கள். ஆஹென் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளும் வந்திருந்தாள். கேக் வெட்டியதும் அண்ணை மைக்கைப் பிடித்து மெக்சிகோக் கதையை அறிவித்தார். பிறகு எங்களை மேடைக்குக் கூப்பிட்டார். மூன்று பேருக்கும் ஒரே நீல நிறத்தில் டீசேர்ட் அடித்திருந்தார். முன்பக்கத்தில் பாயும் மீன், முதுகில் தமிழ் எழுத்து. அவருடையதில் கப்டன். பல் டொக்டருடையதில் டொக்டர். என்னுடையதில் சம்மாட்டி.

வள்ளமும் வலையும் வைத்து ஆட்களைத் தொழிலுக்கு விடுகிறவரைத்தான் கரையில் சம்மாட்டி என்பார்கள். என் அப்பா அதுவும் இல்லை. ஆனால் மண்டபத்தில் சிரித்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. முன் மேசைகளில் சிரிப்பு வெடித்தது. பின்னால் இருந்த மன்னார்க் குடும்பம் ஒன்று மட்டும் தலையைக் குனிந்துகொண்டது. அவர்கள் அப்பாவை அறிந்தவர்கள்.

"போட்டுக் காட்டும்," என்றார் அண்ணை, மைக்கிலேயே.

வெள்ளைச் சேர்ட்டுக்கு மேலேயே போட்டேன். மேடைக்கு இரண்டு பக்கமும் படம் எடுக்கிறவர்கள், முன்னால் மனைவி, மனைவிக்குப் பக்கத்தில், கட்டிலில் இருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து இருத்திய அவளுடைய அம்மா. எந்தப் பக்கத்தால் இறங்குவது? திரும்பி நிற்கச் சொன்னார்கள். முதுகைக் காட்டினேன்.

திரும்பி வரும்போது மகள்தான் கார் ஓட்டினாள். நெடுஞ்சாலையில் ஏறியதும் சம்மாட்டி என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"அதுக்கேன் சிரிச்சவை?"

பின் இருக்கையில் மனைவி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன். அப்பப்பா கச்சேரியில் வேலை செய்யவில்லை, கடலில் வேலை செய்தவர் என்று. கடைக் கண்ணாடியில் ஒட்டிய அறிவித்தலைப் பற்றியும் சொன்னேன். மகள் காரை மெதுவாக்கி ஒரு லொறிக்குப் பின்னாலேயே கனநேரம் ஓட்டினாள். பள்ளிக்கூடத்தில் தான் சொன்னதெல்லாம் பொய்யா என்று கேட்டாள். அப்பப்பாவைக் குறைத்துச் சொல்லக் கூடாது என்றுதான் மாமா அப்படி எழுதினவர் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள்.

"மீன் பிடிக்கிறது குறைவெண்டால், மாமா ஏன் அதுக்கு மெக்சிகோவுக்குப் போறார்?"

அவள் அதோடு விடவில்லை. பயணத்துக்கு என்று அண்ணை தொடங்கிய வட்ஸ்அப் குழுவில் எல்லாக் குடும்பமும் இருக்கிறது. அதில் கேட்டாள்: மாமா, என் அப்பப்பா என்ன வேலை செய்தவர்? அண்ணை சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டார். இது பெரிய ஆட்களின் பகிடி பிள்ளை என்று எழுதினார். அடுத்ததாக அவளைக் குழுவில் இருந்து எடுத்துவிட்டார்.

நான் தொலைபேசி எடுத்தேன். முதல் தடவையாக அவரோடு குரல் உயர்த்தினேன். பழைய அறிவித்தலை இப்போது யார் பார்க்கிறார்கள் என்றார். வேண்டுமென்றால் பிள்ளையைக் கூப்பிட்டுத் தனியே சொல்கிறேன் என்றார். சபையில் கதைக்க வேண்டாமாம்.

"வீட்டு விசயத்தை வீட்டுக்குள்ளை முடிப்பம்."

இல்லை அண்ணை. நீங்கள் அதை வீட்டுக்குள் வைத்து எழுதவில்லை. கடைக் கண்ணாடியில் ஒட்டினீர்கள். சிரித்ததும் மண்டபத்தில்தான், மைக் வைத்துத்தான்.

டிக்கெட் என் பெயரில் இருக்கிறது, மாற்ற முடியாதாம். விடுமுறை எழுதியாகிவிட்டது. நீல டீசேர்ட்டை மனைவி தோய்த்து அலுமாரியில் வைத்திருக்கிறாள். உங்கள் வீட்டுக் கட்டிலில் அவளுடைய அம்மா. இந்த நிலையில் நான் வருவேனா, வரமாட்டேனா என்று எனக்கே தெரியாது. வந்தால் அந்த விடுதியில் கையில் பட்டியோடு இரண்டு கிழமை உங்களுக்கு இரை கொழுவிக்கொண்டு நிற்பேன், கடலுக்குள் சத்தி எடுப்பேன். அதைப்பற்றி இப்போது கேட்கவில்லை.

இதை எங்கள் கோயிலின் கிறிஸ்மஸ் ஒளிவிழா மலருக்குக் கொடுக்கிறேன். வெட்டாமல் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மலர் அன்றைக்கு எல்லார் கையிலும் இருக்கும். அதே மண்டபம், வரவேற்புரை வழக்கம்போல் உங்களுடையது, மைக் உங்கள் கையில். என் மகள் முன் வரிசையில் இருப்பாள். தனியே கூப்பிட வேண்டாம், பகிடி என்று சொல்ல வேண்டாம். கடைசி மேசையில் இருக்கும் மன்னார்க் குடும்பத்துக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கோ அண்ணை: என்ரை அப்பா என்ன வேலை செய்தவர்?