கண்களில் அமிலம் படவில்லை

என் கணவர் கமராவைக் கண்டால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு விறைத்து நிற்பார். கலியாண வீடு, கோயில் திருவிழா, பிள்ளையின் பிறந்தநாள், எல்லாவற்றிலும் ஒரே முகம்தான், குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் விசாவுக்குக் கொடுக்கும் முகம். அவர் போன பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த நினைவுமலரிலும் அதைத்தான் போட்டோம். என்னோடு வாழ்ந்த மனிதர் அதில் இல்லை.

அவர் இருந்தது ஒரு செப்புத்தகட்டில்.

இந்த நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில், ஓர் ஒடுங்கிய சந்தில் ஓவியம் செய்யும் வெள்ளைக்கார அம்மாவின், நான் சின்யோரா என்று கூப்பிடுபவரின், பட்டறையை நான் கூட்டித் துடைக்கிறேன். என் கணவர் கட்டடங்களில் படி கழுவும் வேலையை முடித்துவிட்டு என்னை அழைத்துப்போக அங்கே வருவார். கதவோரக் கதிரையில் இருந்தாரென்றால் எழும்பத் தெம்பிருக்காது. சின்யோராவுக்கு அந்த முகம் பிடித்துவிட்டது. படம் கீறட்டுமா என்று கேட்டார். இவர் உடனே வயிற்றை இழுத்தார். கொஞ்ச நேரத்தில் களைப்பு வென்றது.

ஒரு மாரிகாலம் முழுக்க அந்த வேலை நடந்தது. தகட்டின்மேல் தார்போல ஒரு மெழுகுப் பூச்சு. அதை ஊசியால் கீறி அமிலத்தில் போட்டால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பி, மிச்சத்தை உள்ளங்கையால் துடைத்து, ஈரக் கடதாசியை மேலே வைத்து உருளைக்கு அடியில் கொடுத்தால் முகம் வரும். நெற்றிச் சுருக்கம், காது, சட்டைக் கழுத்து எல்லாம் அப்படி வந்தவைதான். கண்களுக்கு மட்டும் சின்யோரா அமிலம் வைக்கவில்லை. வெறும் ஊசியால் செப்பை நேரே கிழித்தார். கிழித்த ஓரத்தில் செப்பு பிசிறாக எழும்பி நிற்கும். அதில் மை தேங்குவதால் கண் கறுத்து ஈரமாகத் தெரியும். சில படங்களுக்குத்தான் இது தாங்கும், ஒவ்வொரு தடவையும் உருளை அந்தப் பிசிறை நசுக்கிவிடும் என்று அப்போதே சொன்னார்.

வைகாசியில் ஒரு காலை, படி கழுவப்போன இடத்தில் இவர் விழுந்தார். மாரடைப்பு. செத்தவீடு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று சின்யோரா அந்தத் தகட்டிலிருந்து முதல் படத்தை அடித்து என் கையில் தந்தார். வேலை முடிந்து வந்த அதே ஆள். அந்தக் கதிரையிலேயே இருந்து அழுதேன்.

அதை நானே வைத்திருக்கலாம். ஆனால் எங்கள் சனத்தின் வாய் தெரியும்தானே. கனடாவில் இருக்கும் இவருடைய அண்ணர் மூத்தவர், அதை முதலில் அவருக்குத்தான் அனுப்பினேன். லண்டனில் இருக்கும் இவருடைய தங்கை, என் மச்சாள், கொடுக்காவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள். பிறகு ஒன்றுவிட்டதுகள், இரண்டுவிட்டதுகள். செத்தவீட்டுக்கு எட்டிப்பார்க்காதவர்களும் படம் கேட்டார்கள். சின்யோரா ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் எனக்கு இல்லையென்று சொல்ல மனம் வராமல் அடித்தார். எனக்குக் கடைசியாக எடுக்கலாம் என்று இருந்தேன். எங்கள் வீடுகளில் சமைத்தவள் கடைசியாகத்தானே சாப்பிடுவாள்.

முதலாம் ஆண்டுத் திவசம் நெருங்க, என்னுடையதைக் கேட்டேன். நெற்றி, காது, சட்டைக் கழுத்து எல்லாம் பிசகில்லாமல் வந்தன. கண்கள் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் சில மயிர்க்கோடுகள். ஒரு குருடரின் படம்.

வெட்கத்தை விட்டு, முதல் படத்தைத் திருப்பிக் கேட்கக் கனடாவுக்குப் போன் எடுத்தேன். "அதுக்கு முன்னாலை நாங்கள் ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிறமல்லோ, எப்பிடியம்மா சுவரிலையிருந்து இறக்கிறது?" என்றார் அண்ணர். லண்டன் மச்சாள் இன்னும் ஒருபடி மேல்.

"அண்ணன்ர முகம் வாடிப்போய்க் கிடந்தது மச்சாள், பாக்க ஏலாமல் போச்சுது. மகன் கொம்பியூட்டரிலை போட்டுச் சிரிக்கப்பண்ணி, கலரும் அடிச்சுப் பெரிசாக்கியிருக்கிறான். பழசு எங்கையோ கிடக்கும், தேடிப் பாக்கிறன்."

அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். இவரைச் சிரிக்கப்பண்ண எனக்கே முடிந்ததில்லை, அந்தப் பெடியன் ஒரு பின்னேரத்தில் செய்து முடித்துவிட்டான்.

கண்களைத் திரும்பக் கீறித் தாருங்கள் என்று சின்யோராவிடம் கெஞ்சினேன். அவர் தகட்டைத் துடைத்து வெளிச்சத்தில் வைத்தார், ஊசியை எடுத்தார். முதலில் அடித்த படத்தைத் தன் போனில் பிடித்து வைத்திருப்பதாகவும் அதைப் பார்த்துப் பிரதி பண்ணலாம் என்றும் சொன்னார், ஆனால் அது தன்னைப் பார்த்த கண், படம் கீறும் ஒரு அந்நியப் பெண்ணைப் பார்த்த கண் என்றார். உன் வீட்டுக்கு அது எதற்கு? அவர் உன்னை எப்படிப் பார்ப்பார் என்று சொல்லு, அதைக் கீறுகிறேன் என்றார்.

நான் வாயைத் திறந்தேன். இவர் இருமினால் அது சளியா சிகரெட்டா என்று எனக்குத் தெரியும். படியில் கால் வைக்கும் சத்தத்தில், அன்று வேலையிடத்தில் பேச்சு வாங்கினாரா இல்லையா என்று தெரியும். ஆனால் நான் அடுப்பைப் பார்த்தபடி கதைப்பேன், அவர் என் முதுகுக்குப் பின்னாலிருந்து "ஓம், ஓம்" என்பார். அவர் எழும்பும்போது நான் வேலைக்கு வெளிக்கிட்டிருப்பேன். பட்டறையிலிருந்து வீட்டுக்கு வரும்போது அவர் முன்னால் நடப்பார், அடுப்படி வேலை முடித்து நான் படுக்க வரும்போது அவர் நித்திரை.

சின்யோரா ஊசியைப் பிடித்தபடி காத்திருந்தார். அந்த மனுசியில் எனக்குப் பொல்லாத பொறாமை வந்தது. ஒரு மாரிகாலத்தில் அவர் என் புருசனைப் பார்த்த அளவுக்கு, கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் பார்த்ததில்லை.

"விடுங்கோ சின்யோரா," என்றேன். "எனக்குத் தெரியேல்லை."