அக்காவைக் கூப்பிடக் கூடாத நேரம்

அன்று சாயங்காலம் அக்காவின் ஷெட் கதவுக்கு முன்னால் நின்றவர்கள் நான், என் மனைவி, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மூத்த மகள் செல்வி, அடுத்த வீட்டு ரஹீமா பீ, கடைசியாக வந்து சேர்ந்த தச்சு ஆசாரி. இவ்வளவு பேர்தான். உறவில் சிலர் தாங்களும் கூட இருந்ததாகச் சொல்கிறார்கள். பாசத்தில் சொல்வது, தப்பில்லை. ஆனால் அங்கே நின்றதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான் என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா காய்ச்சலில் போனதும் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பெங்களூர் மர்பி டவுனுக்கு வந்துவிட்டார். தாவணி போட்ட வயதிலேயே அக்கா ஒரு துரை வீட்டில் ஆயாவாகச் சேர்ந்தார். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே மாமா தவறிவிட, மறுபடியும் அதே பங்களா. குழந்தைகளின் அறைக்கு வெளியே பாயில் படுக்கை. 'ஆயா' என்று குரல் வந்தால் எந்த நேரமானாலும் எழுந்து நிற்க வேண்டும். என் பள்ளிக்கூடச் சம்பளம் அந்தச் சம்பாத்தியத்தில்தான் போனது. எனக்குத்தான் படிப்பு ஏறவில்லை.

சுதந்திரம் வந்த வருடம் துரை குடும்பம் கப்பல் ஏறியது. போகும்போது வேலைக்காரர்களைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். சமையல்காரர் பீரோ கேட்டார், பட்லர் கட்டில் கேட்டார். அக்கா, தோட்டத்து மூலையில் மண்வெட்டியும் பூத்தொட்டியும் போட்டு வைத்திருந்த மர ஷெட்டைக் கேட்டார். "அதுல என்னம்மா, கோழி வளக்கப் போறியா?" என்று சமையல்காரர் சிரித்தாராம். பலகை பலகையாகக் கழற்றி, மாட்டு வண்டியில் ஏற்றி வந்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினோம். பிறகும் பல வருடம் அதில் விறகும் கரியும்தான் கிடந்தன. அக்கா ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலைக்குப் போனார். வீட்டுக்கு வந்தால் என் பிள்ளைகள் 'அத்தே அத்தே' என்று உட்கார விடாது.

முட்டி தேய்ந்து வேலையை விட்ட பிறகுதான் விறகை வெளியே எடுத்துப் போட்டு, ஷெட்டைக் கழுவி, ஒரு பிரம்பு நாற்காலியை உள்ளே கொண்டு போனார். ஜன்னலுக்கு உள்பக்கம் பழைய சேலைத் துணி கட்டினார். டப்பாக்களில் ரோஜாப் பதியன் வைத்தார். மத்தியானச் சாப்பாடு ஆனதும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அவராகத் திறக்கும் வரை, காபி நேரமானாலும், யாரும் கூப்பிடக் கூடாது. "வீடு பத்திக்கிட்டு எரிஞ்சா பக்கத்து வீட்டக் கூப்பிடுங்க, என்னக் கூப்பிடாதீங்க" என்பது உத்தரவு. காபியை மூடி, வாசல் கல்லில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அவராகத் திறந்து எடுத்துக்கொள்வார். "உள்ள என்னதான் பண்றீங்க அண்ணி?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டுவிட்டாள். "ஒண்ணும் பண்றதில்லம்மா. அதுக்குத்தான் போறது" என்றார்.

எனக்கு மனசு சும்மா இருக்காது. பாம்பு வரும், பலகை ஊறும், முட்டிக்கு ஈரம் ஆகாது என்று ஏதாவது ஒன்று. வாளியை நகர்த்துவது போல அந்தப் பக்கம் போய் இருமுவேன். "உயிரோடதான்டா இருக்கேன், போ" என்று உள்ளிருந்து குரல் வரும். சில நாள் வராது. ஒரு மழைக்காலத்தில் அப்படிக் குரல் வராமல் பயந்துபோய், கதவைத் தட்டி 'அக்கா' என்று கத்திவிட்டேன். உடனே திறந்துகொண்டு வந்தார். கோபப்படவில்லை. துரைசானிக்கு முன்னால் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு, "என்னப்பா வேணும்?" என்றார்.

அதற்குப் பிறகு பல நாள் அக்கா ஷெட் பக்கமே போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டு, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்கவே முடியவில்லை. செல்விதான் கெஞ்சி அவரை மறுபடி அனுப்பி வைத்தாள். இனி என்ன ஆனாலும் அந்த நேரத்தில் கூப்பிடுவதில்லை என்று வீட்டில் பேசி வைத்துக்கொண்டோம்.

முதலில் சொன்ன அந்த நாள், காபி கல்லிலேயே ஆறிக் கிடந்தது. இருமினேன். பதில் இல்லை. ஏதோ கோபம் என்றாள் மனைவி. கண்ணயர்ந்திருப்பார் என்றேன். செல்வி வேறு காபி போட்டு வைத்தாள், அதுவும் ஆறியது. மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்த ரஹீமா பீ, விஷயம் தெரிந்ததும் ஓடி வந்தார். "என்னா ஜனம்மா நீங்க? வாய் இருக்குதில்ல, கூப்பிடுங்களேன்" என்றார். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. செல்விதான், "அத்தே" என்றாள். அவளும் மெதுவாகத்தான் கூப்பிட்டாள். நாற்காலி அசைகிற சத்தம்கூட வரவில்லை.

தெருமுனையிலிருந்து ஆசாரியைக் கூட்டி வந்து கதவைப் பெயர்த்தோம். அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தார். கை சூடாகத்தான் இருந்தது. ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்றார். கொஞ்சம் முன்னால் கூப்பிட்டிருந்தால் என்று கேட்டேன். "பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். எனக்குச் சொல்லத் தெரியலப்பா" என்றார். படித்தவருக்கே தெரியவில்லை. கூப்பிட்டிருக்கலாமே என்று ஒரு மனசு அடித்துக்கொள்கிறது. கூப்பிட்டிருந்தால் அந்த நிலையிலும் எழுந்து நின்று 'என்னப்பா வேணும்' என்றுதானே கேட்டிருப்பார் என்று இன்னொரு மனசு. வருடம் ஒன்று ஓடிவிட்டது. இரண்டில் எது சரி என்று எனக்கு விளங்கவில்லை.

காரியம் முடியும் வரை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட ரஹீமா பீ, வாடகை வாங்க மறுத்த ஜட்காக்காரர், தங்கவயலிலிருந்து வந்து தோள் கொடுத்த சொந்தங்கள், மாலையோடு வந்த நர்சிங் ஹோம் ஆயாமார் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு.

ஆசாரிக்கு மட்டும் இன்னும் கணக்குத் தீரவில்லை. பெயர்த்த கதவுக்குப் புதுச் சட்டம் போட்டுத் தயாராக வைத்திருக்கிறார். வரும்போதெல்லாம் கன்னடமும் தமிழுமாக அதே கேள்விதான்: "உள்ளே தாழ்ப்பாள் வேணுமா, பேடவா?" என் மனைவி வேண்டும் என்கிறாள். செல்வி வந்தால், வேண்டவே வேண்டாம் என்கிறாள். நான், அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறேன். கதவை மாட்டாமல் கூலி வாங்க மாட்டேன் என்கிறார் அவர். தர வேண்டிய பாக்கி பன்னிரண்டு ரூபாய்.