கழற்றாத சப்பாத்து

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்து முதலாம் உலகப்போரின் போர்க்களம் பார்க்கப் பேருந்தில் போனோம். என் பக்கத்தில், எங்கள் ஊர்ப் போருக்குத் தப்பி வன்னியில் இருந்து வந்த ஒரு மெலிந்த மனிதர். எல்லோரும் சப்பாத்தைக் கழற்றிக் கால் நீட்டினார்கள். அவர் கழற்றவில்லை.

"ஓட வேண்டி வந்தால்?" என்றார்.

போர்க்களத்தில் பதுங்குகுழிகளை அவர் எட்டியும் பார்க்கவில்லை. ஊரில் அதுபோன்ற குழிகளுக்குள் வாழ்ந்துவிட்டு வந்தவர். கறுத்த சிலுவைகளின் முன்னால்தான் நின்று என்னைக் கேட்டார்.

"இது ஆரின்ரை கல்லறையள், அண்ணை?"

"ஜெர்மன்காரற்றை. இவையின்ரை எதிரியள்."

"பிரெஞ்சுக்காரர் இடிக்கேல்லையோ?"

"இல்லை. நூறு வருசமாய் இருக்கு."

அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"போராளியாய்ச் செத்த என்ரை மகளின்ரை கல்லறையை ஆமிக்காரர் புல்டோசராலை உழுதுபோட்டாங்கள். இவங்கடை தாய்மார் வந்து அழுதிருப்பினம், என்ன?"

ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்றவரின் பக்கத்தில் நானும் குனிந்து என் சப்பாத்தைக் கழற்றினேன்.