மரக்காணத்தில் எடுக்காத ஸ்கேன்

உப்பு வாரும் பருவத்தில் மரக்காணம் உப்பளங்களைப் படம் எடுக்க வேண்டுமென்று வெகுநாள் ஆசை. 2006 மார்ச்சில், கணவர் வெளியூரில் இருந்த ஒரு சனிக்கிழமை, ஆறு வயது மகள் யாழினியுடன் வாடகைக் காரில் கிளம்பினேன். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் நூற்றுப் பத்து கிலோமீட்டர். ஐந்தரைக்குப் புறப்பட்டு எட்டு மணிக்குச் சேர்ந்தோம்.

ஓட்டுநர் செல்வத்துக்குப் பக்கத்துப் பிரம்மதேசம்தான் சொந்த ஊர். "வரப்பு வழுக்குங்க, பாப்பாவைப் புடிச்சிக்கங்க" என்றார். பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். உப்புக் குவியலைத் தொட, கையை உதறிக்கொண்டு ஓடியவள் மடையின் செங்கல் விளிம்பில் நெற்றி மோத விழுந்தாள். வீறிட்டு அழுதாள். தூக்குவதற்குள் நெற்றி புடைத்துவிட்டது. காரில் ஏறியதும் வாந்தி எடுத்தாள்.

செல்வம் மரக்காணத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். ஐம்பது வயதிருக்கும் டாக்டரம்மா, யாழினியின் கண்ணில் டார்ச் அடித்தார், காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், பள்ளிக்கூடக் கதை கேட்டார்.

"ஸ்கேன் எடுக்கணும் டாக்டர். பாண்டிச்சேரிக்கு எழுதிக் குடுங்க" என்றேன்.

"எழுதிக் குடுக்கறது எனக்கு ஈஸிம்மா. ஆனா இவ மயங்கலை, நல்லா பேசுறா, நேரா நடக்குறா. சின்னப் பிள்ளை தலைக்குள்ள எக்ஸ்ரே கதிரை சும்மா எதுக்கு ஏத்தணும்?"

"ஒரு குளுக்கோஸாவது போடுங்களேன்!"

"வாயால குடிக்கிற பிள்ளைக்கு ஊசி எதுக்கு? சாயந்தரம் வரைக்கும் இங்கயே இருங்க. கொஞ்சம் மாறினாலும் நானே வண்டியில ஏத்தி அனுப்பறேன்."

வெளியே வந்து செல்வத்திடம், பாண்டிச்சேரிக்கே போய்விடலாமா என்று கேட்டேன். "சொன்னீங்கன்னா இப்பவே வண்டிய எடுக்கறேங்க" என்றார். வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? அந்த நினைப்பில்தான் தங்கினேன், டாக்டரை நம்பி அல்ல.

மதியம் யாழினி தூங்க ஆரம்பித்தாள். அடிபட்ட பிள்ளையைத் தூங்கவிடக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். உலுக்கினேன். "தூங்கட்டும்மா, அவ தூங்கற நேரம்தானே. நடுநடுவுல எழுப்பிப் பாத்தா போதும்" என்றார் டாக்டர். அவள் மூக்கருகே விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் எனக்கு நெஞ்சு நின்றது.

ஒன்றரை மணிக்கு எழுப்பினேன். அசையவில்லை. மறுபடி கூப்பிட்டேன். நான் தூக்கிப் பார்த்த அவள் கை தொப்பென்று விழுந்தது. நான் கத்திய கத்தலில் டாக்டர் ஓடி வந்து தோளைத் தட்டினார், காது மடலை அழுத்திக் கிள்ளினார். யாழினி முகத்தைச் சுளித்து அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"உன் பேரு என்னம்மா?"

"யாழினி."

"அம்மா எங்க?"

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "அதோ, அழுதுட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு வாந்தி இல்லை. நாலு மணிக்கு எழுந்து இட்லி கேட்டுச் சாப்பிட்டாள். வலிக்கு ஒரு சிரப், அவ்வளவுதான் மருந்து.

குழந்தைகளோடு உப்பளம் பார்க்கப் போகிறவர்களுக்கு: வெயில் ஏறுமுன் ஒன்பது மணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள், வழுக்காத செருப்பு போடுங்கள். தலையில் அடிபட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வாந்தி தொடர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். அப்போது ஸ்கேன் அவசியம். மற்றபடி, இது இந்தப் பிள்ளைக்குத் தேவையா என்று ஒருமுறை கேளுங்கள். அன்று நான் கேட்ட ஸ்கேன் என் பயத்துக்கான மருந்து. எடுத்திருந்தால், அதைக் குடித்திருப்பது அவள்.

திரும்பும்போது காரில் மறுபடி தூங்கினாள். எழுப்பவில்லை. ஆனால் திருவான்மியூர் வரும்வரை அவள் நெஞ்சிலிருந்து என் கையை எடுக்கவும் இல்லை.