கழுவாத பாத்திரத்துக்கு ஒரு மெமோ

காரைக்குடிப் பக்கத்து நகராட்சி ஒன்றில் பணியமைப்புப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்தேன். விடுப்பு, பதவி உயர்வு, தண்டனை எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். ஊழியர்களுக்கு என்மேல் கோபம். அதிகாரிகளுக்கு அதைவிடக் கோபம். இரண்டுக்கும் பழகியிருந்தேன். ஆனால் ஒரு கோப்பு மட்டும் என் பொறுமையை அரித்துத் தின்றது.

ஒரு நாள் காலை எங்கள் அதிகாரி கூப்பிட்டு, "அந்த அலுவலக உதவியாளர் பொண்ணுக்கு ஒரு பதினேழு ஏ மெமோ போடுங்க" என்றார். சிறிய குற்றங்களுக்கான ஒழுங்கு நடவடிக்கை அது.

"என்ன சார் செஞ்சுச்சு?"

"சொன்ன பேச்சைக் கேக்கல."

என்ன பேச்சு என்று அவர் சொல்லவில்லை. அவருடைய டிரைவர்தான் சொன்னார். கண்டரமாணிக்கத்திலிருந்து அதிகாரியின் சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள். பாத்திரம் கழுவ ஆளில்லை. இவளை வண்டியில் ஏற்றி வரச் சொல்லியிருக்கிறார். இவள் ஏறவில்லை.

சிங்கம்புணரிக்காரி. அப்பா பணியில் இருக்கும்போதே இறந்ததால் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்து, பிறகு தபால் வழியில் பி.காம். முடித்தவள். இளநிலை உதவியாளர் பதவி உயர்வுக்கு அவள் பெயர் வரும் நேரம்.

"ஒரு வரி மன்னிப்பு எழுதிக் குடுத்துடும்மா. பதவி உயர்வு கெட்டுப் போயிரும்" என்றேன்.

"எதுக்கு சார்? ஆபீஸ்ல எந்த வேலை சொன்னாலும் செய்யுறேன்ல? அவுக வீட்டுப் பாத்திரத்தைக் கழுவலைன்னு எழுதச் சொல்றீகளா? அப்படியே எழுதித் தாரேன்."

எந்தக் கடமையைத் தவறினாள் என்று மெமோவில் குறிப்பிட வேண்டும். விதிப்புத்தகத்தில் சம்பந்தி வீட்டுப் பாத்திரம் எங்கே இருக்கிறது? நடந்ததை நடந்தபடியே எழுதி அதிகாரி முன் வைத்தேன்.

"இதுல நான் கையெழுத்துப் போடவா?" என்று கத்தினார்.

வேறொருவரைக் கொண்டு, 'மேலதிகாரியின் ஆணைக்குக் கீழ்ப்படியாமை' என்று மட்டும் எழுதவைத்துக் கையெழுத்திட்டார். அந்த ஆணையின் நகலைக் கேட்டு அவள் பதில் கொடுத்தாள். இல்லாத ஆணைக்கு ஏது நகல்? கோப்பு படுத்துவிட்டது.

அதிகாரி மாறுதலாகி, மாலை மரியாதையோடு போனார். மெமோ போகவில்லை. நடவடிக்கை நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு கிடையாது. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர் பதவி உயர்வு வாங்கி மேசைக்கு முன்னால் உட்கார, அவருக்கு இவள் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள்.

புதிய அதிகாரியிடம் நடையாய் நடந்தேன்.

"முன்னவர் ஆரம்பிச்சதை நான் எப்படிக் கைவிடுறது? ஒரு எச்சரிக்கையாவது குடுத்து முடிங்க" என்றார்.

"எதுக்கு சார் எச்சரிக்கை?"

"இனிமே இப்படி நடக்கக் கூடாதுன்னு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "அப்ப என்ன ஆணைன்னு முறையா விசாரிச்சுடுறேன் சார். டிரைவர் வாக்குமூலம் தரத் தயாரா இருக்காரு" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். பிறகு பேனாவை எடுத்து, 'மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அடுத்த பட்டியலில் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. ஆணையை வாங்கிப் படித்தவள் சிரிக்கவில்லை.

"முந்திப் போனவுகளுக்கு நான் இனி எப்பவும் ஜூனியர்தானா சார்?"

"சென்னைக்கு மேல்முறையீடு செய்யலாம்மா."

அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள். நானே பரிந்துரைத்து அனுப்பினேன். எத்தனை நினைவூட்டல் போனாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே பதில் வந்தது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவர்கள் இன்னும் பரிசீலித்து முடிக்கவில்லை.