குளிரைச் சேமித்து வைத்த மெக்கானிக்

இருபத்தாறு வருடமாக நான் பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறேன். தெருவில் எனக்குக் 'கூலிங்' என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார். இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று போன வருடம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மட்டும்தான் அப்படி நினைத்தேன் என்பது வேறு விஷயம்.

வினை ஒரு பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது. அங்கே சமையலறை பிரிட்ஜைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வகுப்பில் டீச்சர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீரையும் கரண்டையும் வீணாக்காமல் இருந்தால் பூமியும் பிழைக்கும், வீட்டில் காசும் மிஞ்சும் என்றார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் புல்லரித்தது. நல்லவன் என்ற பெயரும் கிடைக்கும், காசும் மிஞ்சும் என்றால் கசக்கவா செய்யும்?

அன்று சாயங்காலமே வீட்டில் என் ஆட்சி தொடங்கியது. வாஷிங் மெஷின் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றச் சொன்னேன். அடுப்பில் எதை வைத்தாலும் மூடி போட்டாக வேண்டும். ஆள் இருக்கும் அறைக்கு மட்டும்தான் விளக்கு. வீட்டில் இருப்பதே நானும் என் மனைவியும்தான். அவள் தையல் கடையில் பட்டன் கட்டிவிட்டு வருகிறவள். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"பூமியைக் காப்பாத்துறது இருக்கட்டும். நேத்து இருட்டுல வாளி தடுக்கி விழப் பாத்தேன். முதல்ல என்னைக் காப்பாத்துங்க" என்பாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அதெல்லாம் நல்ல பழக்கம்தான். பில்லும் இறங்கியது. அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் ஊரெல்லாம் பிரிட்ஜ் பார்க்கிறவன் தன் வீட்டுப் பிரிட்ஜைச் சும்மா விடலாமா?

எங்கள் பக்கம் இரவில் கரண்டுக்குக் கட்டணம் குறைவு. என் மூளை வேலை செய்தது. பிரிட்ஜில் காலி இடமெல்லாம் தண்ணீர் பாட்டிலை அடுக்கினேன். இரவு முழுக்கக் குளிரைக் கூட்டும் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருகி ஓட விடுவேன். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து சுவிட்சை அணைத்துவிடுவேன். இரவில் சேர்த்து வைத்த குளிரைப் பகலில் உட்கார்ந்து சாப்பிடுவோம், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு கவலை. என் மனைவிக்குச் சர்க்கரை நோய். காலையில் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். மருந்து கதவுத் தட்டில் இருந்தது. பகலில் அங்கே குளிர் நிற்காது. அதனால் அக்கறையாக அதை எடுத்து உள்ளே, பின்சுவரை ஒட்டி வைத்தேன். ஐந்து மணிக்குச் சுவிட்சை அணைக்கும்போதே, போடுவதற்குள் குளிர் விடட்டும் என்று அந்த அட்டைப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்துவிடுவேன். பெட்டி கையில் ஜிலீரென்று இருக்கும். ஏழு மணிக்கு அவள் எழுந்து போட்டுக்கொண்டதும் பெட்டி மறுபடி பின்சுவர் ஓரத்துக்குப் போய்விடும்.

இரண்டு வாரத்தில் வெள்ளரிக்காய் கொழகொழத்துப் போனது. நான் நேரே போய்க் காய்கறிக்காரரிடம் சண்டை போட்டேன். "காலையில பறிச்சதுங்க" என்று அவர் கெஞ்சினார். நானா விடுவேன்? வேறு காய் வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன்.

அடுத்து அவளுடைய சர்க்கரை ஏறியது. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அப்படியும் ஏறியது. "மறைச்சு ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா? இப்படியே போனா கண்ணுக்கு ஆபத்து" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், எல்லாம் தெரிந்தவன் போலத் தலையை ஆட்டினேன்.

"சத்தியமா இல்லைங்க" என்றாள் வெளியே வந்ததும்.

"மெஷின் பொய் சொல்லாது" என்றேன். ரத்தம் பார்க்கிற மெஷினைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. குப்பைத் தொட்டியைக் கிளறி மிட்டாய்க் காகிதம் தேடினேன். அவள் கைப்பையைத் துழாவினேன். கடைசியில் தையல் கடைக்கே போய், "இங்க ஏதாவது இனிப்பு சாப்பிடுறாளா?" என்று முதலாளியம்மாவிடம் கேட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் ஊசியைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் மட்டும் தலை நிமிரவில்லை. ஊசிக் காதில் நூல் நுழையாமல் திரும்பத் திரும்ப எச்சில் தொட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் என்னை வெளுத்து வாங்குவாள் என்று தயாராக இருந்தேன். அவள் சண்டையே போடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, ஒருவேளை தூக்கத்துல எழுந்து போய்த் திங்கறேனோ என்னவோ. எனக்கே தெரியல. இனிமே சமையல்கட்டைப் பூட்டிச் சாவியை நீங்களே வச்சுக்குங்க."

மனுஷன் என்றால் அந்த இடத்திலாவது யோசித்திருக்க வேண்டும். நான் கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கினேன். நல்ல கனமான பூட்டு.

பூட்டியும் சர்க்கரை இறங்கவில்லை. மறுமாதம் ஆஸ்பத்திரியில் ஒரு புது நர்ஸ் இருந்தார். சின்ன வயது. சீட்டைப் பார்த்துவிட்டு, "மருந்தை எங்க வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரவுக் கட்டணம், கடைசி எண், தண்ணீர் பாட்டில், பின்சுவர் என்று என் திட்டத்தை முழுசாக விளக்கினேன். அவர் பேனாவை மூடினார்.

"சார், பின்சுவர் ஓரமா வச்சா உறைஞ்சு போகாதா?"

இந்த வார்த்தையை நானே நூறு வீட்டில் சொல்லியிருக்கிறேன். கீரையைப் பின்னால் தள்ளி வைக்காதீங்கம்மா, உறைஞ்சு அழுகிடும் என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறேன். இழுத்துப் போட்ட நாற்காலியை மெதுவாகப் பின்னால் தள்ளினேன்.

"ஒரு தடவை உறைஞ்ச இன்சுலினை நம்பவே கூடாது சார். உருகின பிறகு பாத்தா வித்தியாசம் தெரியாமக்கூட இருக்கும். இவங்க மூணு மாசமா சும்மா தண்ணியைக் குத்திக்கிட்ட மாதிரிதான்" என்றார் நர்ஸ். டாக்டரிடம் சொல்லிப் புது மருந்து எழுத வைத்தார். உடனே கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டும் கொடுத்தார்.

என் மனைவி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நான் திங்கலைம்மா. நான் எதுவும் திங்கல இல்ல?" என்று கேட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். இல்லவே இல்லை என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கண் டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்க நினைத்து, கையிலிருந்த சீட்டை மடித்து மடித்துப் பிரித்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"மூணு மாசம். ஒரு நாள்கூட அந்தப் பிரிட்ஜு மேல உங்களுக்குச் சந்தேகம் வரலையே. என் மேலதானே வந்துச்சு?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.