அறாத நூல்

டெய்லரக்காவின் தையல் மெஷினைப் பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு போனார்கள். கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போன அரை மணி நேரம்தான். தெருவில் அத்தனை ஜன்னல்கள் திறந்திருந்தும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லையாம், கேட்டீர்களா கதையை! அடுத்த மாதம் போலீஸ் ஸ்டேஷனில் தெருக்காவல் குழுவுக்கு ஆள் கேட்டபோது, முதலில் பெயர் கொடுத்தவர் அக்காதான்.

ஒரு விசில், ஒரு பச்சைச் சட்டை, ஒரு நோட்டு கொடுத்தார்கள். வெளியூர் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போவார்கள். ஸ்டேஷன் ரைட்டர் அந்த வீட்டு எண்களைக் குழுவுக்குத் தருவார். தினமும் காலை பதினொரு மணிக்கு அக்கா போய்ப் பார்த்து, விசில் ஊதி, 'சரி' என்று எழுதி, நோட்டை ஸ்டேஷனில் காட்ட வேண்டும். அதோடு நிற்கிற ஆளா அவர்? கேட் தாழ்ப்பாளில் கறுப்பு நூலால் ஒரு முடிச்சும் போட்டுவைத்தார். யார் திறந்தாலும் நூல் அறுந்துவிடும். இன்ஸ்பெக்டரே வந்து பார்த்து, "இது நமக்குத் தோணலையே" என்று சொன்ன பிறகு அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"ஊரைக் காக்கப் போற மகராசி, நம்ம வீட்டுக் கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்கா" என்று கணவர் வாரத்துக்கு இரண்டு முறையாவது வாருவார். அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. நாலு வருஷத்தில் ஒரு நூல்கூட அறுந்ததில்லை என்பது அவருடைய பதில்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பட்டியலில் கணக்கு டீச்சர் வீடு இருந்தது. ரிட்டயர் ஆகித் தனியாக இருக்கிறவர். விடிந்ததும் கிளம்பி, தங்கை வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவதாக ஸ்டேஷனில் சொல்லியிருந்தார். அக்கா முடிச்சுப் போட்டார், விசில் ஊதினார், எழுதினார். புதன்கிழமை நூல் போட்டது போட்டபடி இருந்தது. விசில் ஊதி, 'சரி' என்று எழுதிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

வியாழன் காலை ரைட்டர் போன் செய்தார்.

"அக்கா, டீச்சரோட தங்கச்சி பேசினாங்க. அவங்க இன்னும் வந்து சேரலையாம், போனும் எடுக்கலையாம். நோட்டுல 'சரி'ன்னு இருக்கவும், வீடு பூட்டித்தான் இருக்குன்னு சொல்லிட்டேன். டீச்சர் கிளம்பினதை யாராவது பாத்தீங்களா?"

அக்கா கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு ஓடினார். நூல் அறவில்லை. ஆனால் கேட்டில் பூட்டும் இல்லை. வாசல் கதவிலும் இல்லை. அப்படியென்றால் கதவு உள்ளேதான் தாழிட்டிருக்க வேண்டும். இரண்டு நாளும் நூலைப் பார்த்தாரே தவிர, பூட்டு இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. வெளியிலிருந்து யாரும் உள்ளே போகவில்லை, சரி. உள்ளே இருந்தவரும் வெளியே வரவில்லையே!

"ஐயோ, நான் பாவி" என்று அலறிக்கொண்டே முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தார். ரைட்டர் அனுப்பிப் பின்னாலேயே வந்த கான்ஸ்டபிள் கதவை உடைத்தார். டீச்சர் பாத்ரூமில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். கைக்கு எட்டிய வாளித் தண்ணீர்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தது.

மறுநாள் நோட்டை வாங்கிய ரைட்டர், "அந்த ரெண்டு நாளையும் அடிச்சிடலாமா அக்கா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார். நான் எழுதினதுதானே, இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். டீச்சருக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது.

"விசில் கேட்டுச்சும்மா. நீதான்னு தெரிஞ்சுது. கூப்பிட்டுப் பாத்தேன், குரலே எழும்பல. எப்படியும் நீ கதவைத் தட்டுவேன்னு காத்துக்கிட்டு கிடந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "மறுநாளும் விசில் கேட்டுச்சே. அது யாரு, வேற யாராவதா?"

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல டீச்சர். மறுநாளும் நான்தான்."